பூந்தமல்லியில் எழுதின உயில், டப்ளினில் எரிஞ்ச உயில்

நீண்ட இழை இது. டீ குடிச்சிக்கிட்டே படிங்க. நோய், மாத்திரை எதுவும் இன்னைக்கு இல்லை. உயில் பத்தி. நடுவுல அயர்லாந்து வரும், பூந்தமல்லி வரும், பச்சையப்பன் கல்லூரி வரும். எதுக்கு ஒரு டாக்டர் இதையெல்லாம் எழுதறேன்னு கேட்பீங்க. அதுக்கு முதல்ல ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லணும்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ. எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். மெடிசின் வார்டு, நைட் டியூட்டி. அறுபத்தஞ்சு வயசு மதிக்கத்தக்க ஒருத்தர். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டினவர். நுரையீரல் கெட்டுப்போய், அதனால இதயமும் தளர்ந்துபோய் வந்திருந்தார். ஆக்சிஜன் மாஸ்க். ஆனா தலை ரொம்பத் தெளிவு. என்ன கிழமை, முதலமைச்சர் யாரு, எல்லாம் சரியா சொல்வார். கூடவே ஒரு அம்மா. இட்லியை உதிர்த்து, சட்னி தொடாம, கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுவாங்க.

பதினோரு மணி இருக்கும். அவர் மாஸ்க்கை இறக்கிட்டு என்னைக் கூப்பிட்டார். "டாக்டர், ஒரு பேப்பர்ல எழுதித் தரேன். நீங்க ஒரு கையெழுத்து போடணும். அரை கிரவுண்டு இடமும் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடும் இருக்கு. அது இவளுக்குப் போகணும். நாங்க தாலி கட்டிக்கல. பதினாலு வருஷமா இவதான் பார்த்துக்கறா. நான் போயிட்டா என் அண்ணன் பசங்க இவளை உள்ளே விடமாட்டாங்க."

நான் பயந்துட்டேன். போலீஸ் கேஸ், கோர்ட்டு, சாட்சின்னு கூப்பிடுவாங்கன்னு யாரோ சொன்னது மனசுல இருந்தது. "காலையில பெரிய டாக்டர் வருவார் ஐயா, அவர்கிட்ட கேட்டு செஞ்சிடலாம்"னேன். அவரும் சரின்னு தலையாட்டினார்.

நாலரை மணிக்கு இறந்துட்டார்.

காலையில அண்ணன் பசங்க வண்டியோட வந்தாங்க. உடம்பை வாங்கிட்டுப் போனாங்க. அந்த அம்மாவை வண்டியில ஏத்திக்கல.

எனக்குத் தெரியாம இருந்த சட்டத்தை முதல்ல சொல்லிடறேன். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. அதோட 63வது பிரிவுப்படி, ஒரு சாதாரண மனிதர் உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம். பதிவு பண்றது நல்லது, ஆனா கட்டாயமில்லை. வெள்ளைத்தாள் போதும். எழுதறவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கணும். அதைப் பார்த்த ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து போடணும். அந்த ரெண்டு பேரும் உயிலால் ஆதாயம் அடையறவங்களா இல்லாம இருந்தா நல்லது. டாக்டரே வேணும்னு சட்டம் சொல்லலை. 'நல்ல நினைவோட இருக்கார்'னு ஒரு டாக்டர் எழுதினா பின்னாடி வழக்கு வரும்போது பலம், அவ்வளவுதான். மரண வாக்குமூலம் வேற. அதுக்குத்தான் மாஜிஸ்திரேட், போலீஸ் எல்லாம். நான் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டேன். அன்னைக்கு வார்டில் இருந்த ஸ்டாஃப் நர்ஸும் நானும் போதும். பத்து நிமிஷ வேலை.

அதே சட்டத்தைப் பின்னாடி உட்கார்ந்து படிச்சப்போ 65, 66ன்னு ரெண்டு பிரிவு கண்ணில் பட்டது. போர்க்களத்தில் இருக்கிற படைவீரருக்குத் தனிச் சலுகை. அவர் உயிலுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. தன் கையால் எழுதினா சாட்சியே வேண்டாம். எழுத நேரமில்லைன்னா ரெண்டு பேர் முன்னாடி வாயால சொன்னாகூடச் செல்லும். சாகப்போறவனுக்கு நேரம் கிடையாதுன்னு சட்டத்துக்குத் தெரிஞ்சிருக்கு. இந்தச் சலுகை எங்கிருந்து வந்ததுன்னு தேடப் போனேன். தேடின பாதை என்னைக் கொண்டுபோய் விட்ட இடம், எனக்கு நல்லாத் தெரிஞ்ச பூந்தமல்லி.

பூந்தமல்லின்னா இப்போ உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டிரங்க் ரோடு டிராஃபிக், மெட்ரோ தூண்கள், பார்வையற்றோர் பள்ளி, பிரியாணி. ஆனா 19ஆம் நூற்றாண்டில் அது ஒரு கண்டோன்மென்ட். கப்பலில் மதராஸ் வந்து இறங்கற புது வெள்ளைக்காரச் சிப்பாய்களை முதலில் கொண்டுவந்து வைக்கிற டெப்போ. உடம்பு சரியில்லாத சிப்பாய்கள் தேறி வர தங்கின இடமும் அதுதான். கோட்டையிலிருந்து அங்கே போற சாலைக்குத்தான் பூந்தமல்லி ஹை ரோடுன்னு பேர். இப்போ பெரியார் ஈ.வெ.ரா. சாலை. கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தில், ஸ்மித்ஸ் ஃபால்ஸ் ஊருக்குப் பக்கத்தில், ரிடோ கால்வாயில் 'பூனமலி'ன்னு ஒரு மதகு இருக்கு தெரியுமா? இந்தியாவில் வேலை பார்த்துட்டு அங்கே போன ஒரு ஆங்கிலேயர் நம்ம ஊர் ஞாபகமா வச்ச பேர்னு சொல்வாங்க. பூந்தமல்லிக்காரங்க அடுத்த தடவை கனடா சொந்தக்காரங்ககிட்ட பெருமையாச் சொல்லிக்கலாம்.

சரி, அந்த வெள்ளைக்காரச் சிப்பாய் யாரு? நாம எல்லாரையும் 'இங்கிலீஷ்காரன்'னு ஒரே பையில போட்டுடறோம். 1830 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவத்தின் சாதாரணச் சிப்பாய்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் ஐரிஷ்காரர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தனக்குன்னு வச்சிருந்த ஐரோப்பியப் படைகளிலும் அவங்க ஏராளம். காரணம் எளிது. வறுமை. நிலம் யாருக்கோ சொந்தம், வாடகை கட்டணும், சாப்பாடு உருளைக்கிழங்கு. 1845ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பஞ்சம் வந்தப்போ பத்து லட்சம் பேர் செத்தாங்க, இன்னொரு பத்து லட்சம் பேர் ஊரை விட்டே போனாங்க. பட்டாளத்தில் சேர்ந்தா மூணு வேளை சோறு. நம்ம ஊர்ப் பசங்க எத்தனை பேர் அதே கணக்குல ராணுவத்துக்கும் வளைகுடாவுக்கும் போயிருக்காங்க.

இங்கே ஒண்ணு சொல்லணும். இவங்க மேல பரிதாபம் மட்டும் பட்டுட்டுப் போக முடியாது. மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் எதிரே நீல் சிலைன்னு ஒண்ணு இருந்தது. 1857ல் வடக்கே போய் கண்ணில் பட்டவங்களை எல்லாம் தூக்கில் போட்ட கர்னல் நீல். 1927ல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லி சத்தியாகிரகம் நடந்து பலர் ஜெயிலுக்குப் போனாங்க. 1937ல் ராஜாஜி முதல்வரானப்போதான் சிலை நகர்ந்து மியூசியத்துக்குப் போச்சு. அந்த நீல் கூட்டிட்டுப் போன படை எது? மதராஸ் ஃபியூசிலியர்ஸ். 1748ல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் காலத்தில் இங்கேயே திரட்டின படையின் வாரிசு. தன் நாடு இன்னொருத்தன் கையில் இருக்கிற ஒருத்தன், இன்னொருத்தன் நாட்டைப் பிடிக்கத் துப்பாக்கி தூக்கினான். அந்த முரண்பாட்டை அப்படியே வச்சிக்கிட்டுத்தான் மேற்கொண்டு படிக்கணும்.

அந்தப் படை 1862ல் அரசியின் ராணுவத்தோட சேர்ந்து 102வது ரெஜிமென்ட் ஆச்சு. 1881ல் அதுக்கு வச்ச பேர்: ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ், முதல் பட்டாலியன். ஆமா, டப்ளின் பேரில் இருந்த பட்டாளத்தின் பூர்வீகம் மதராஸ். அவங்க தொப்பிச் சின்னத்தில் ஒரு புலியும் ஒரு யானையும் இருக்கும். அயர்லாந்தில் புலி ஏது, யானை ஏது?

இப்போ மருத்துவத்துக்கு வரேன், கொஞ்சம்தான். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் சுகாதாரத்தை ஆராய ஒரு ராயல் கமிஷன் போட்டாங்க. 1863ல் அறிக்கை வந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அதன் பின்னால் நின்று உழைத்தவர். அதில் வர்ற கணக்கு: வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு 69 சாவு. சண்டையில் செத்தவங்க இதுல கொஞ்சம்தான். மத்தவங்க காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, காலரா, கல்லீரல் சீழ்க்கட்டி. அதாவது சுத்தமான தண்ணியும் கழிப்பறையும் இல்லாம செத்தவங்க. கூடவே சாராயம். இருபது வயசுல திடகாத்திரமா இருக்கிற ஒருத்தன் நூறு பேர்ல ஏழு பேர் வருஷாவருஷம் போறதைப் பார்த்துக்கிட்டே பாரக்கில் படுத்திருக்கான்னு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் சாதாரணச் சிப்பாய்கூட உயில் எழுதினான். பணக்காரனா இருந்ததால இல்லை. பாக்கிச் சம்பளம், ஒரு கடிகாரம், ஒரு பெட்டி, கொஞ்சம் துணி. செத்தவன் சாமானைக் கூட்டாளிகள் நடுவுலயே ஏலம் விட்டு, அந்தக் காசை வாரிசுக்கு அனுப்பறதுதான் ராணுவ வழக்கம்.

பல பேருக்கு எழுதத் தெரியாது. 1841 அயர்லாந்து மக்கள்தொகைக் கணக்குப்படி, அஞ்சு வயசுக்கு மேற்பட்டவங்களில் 53 சதவீதம் பேருக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. அப்போ கையெழுத்துக்குப் பதிலா ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் குமாஸ்தா 'இது இன்னார் குறி'ன்னு எழுதுவான். நம்ம ஊர் கைநாட்டுதான். வார்டில் தினமும் ஒப்புதல் படிவத்தில் பார்க்கிறேன். ஊதா மை, பெருவிரல், பக்கத்தில் என் கையெழுத்து.

இந்த உயில்களை மதராஸில் நிரூபிச்சுக் கொடுத்தது யாருன்னா, முதல்ல மேயர் கோர்ட். 1726ஆம் வருஷத்து அரச சாசனம் அதுக்கு உயில் விஷயத்தில் அதிகாரம் கொடுத்தது. அப்புறம் 1798ல் ரெக்கார்டர் கோர்ட், 1801ல் சுப்ரீம் கோர்ட், 1862ல் நம்ம ஹைகோர்ட். இந்தக் கதைக்கு முக்கியமான விஷயம் என்னன்னா, கம்பெனிக்கு ஒரு பழக்கம். இங்கே எழுதற எதுக்கும் ஒரு நகல் எடுத்து லண்டனுக்குக் கப்பலில் அனுப்பிடுவாங்க. கப்பல் மூழ்கினா என்ன பண்றதுன்னு சில சமயம் ரெண்டு கப்பலில் ரெண்டு நகல். உயில்களுக்கும் அப்படியே. இப்போ அந்த நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில், இந்தியா ஆபீஸ் ஆவணங்கள்னு சொல்ற தொகுப்பில், மதராஸ் உயில்கள்னு தனி வரிசையா இருக்கு. நம்ம எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1670களிலிருந்து கம்பெனி காகிதங்கள் இருக்கு. ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற சிவப்புக் கட்டடம், 1909ல் திறந்தது. ஆயிரம் தடவை அதைத் தாண்டிப் போயிருப்பீங்க.

இனி டப்ளின்.

அயர்லாந்தில் எழுதின உயில்கள், மக்கள்தொகைக் கணக்கு, கோர்ட் தீர்ப்பு, சர்ச் பதிவேடுன்னு கிட்டத்தட்ட எழுநூறு வருஷத்துக் காகிதத்தை எல்லாம் டப்ளினில் ஒரே இடத்தில் சேர்த்து வச்சாங்க. லிஃபி ஆற்றங்கரையில் ஃபோர் கோர்ட்ஸ்னு நீதிமன்ற வளாகம். அதுக்குள்ள பொது ஆவண அலுவலகம். தீப்பிடிக்கக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துக் கட்டின கட்டடம். 1922 ஏப்ரலில், பிரிட்டனோட போட்ட ஒப்பந்தத்தை ஏத்துக்காத புரட்சிக்காரங்க அந்த வளாகத்தைப் பிடிச்சிட்டாங்க. புது அயர்லாந்து அரசின் படை ஜூன் 28ஆம் தேதி பீரங்கியால் சுட ஆரம்பிச்சது. ஜூன் 30, பெரிய வெடி. ஆவண அறை எரிஞ்சு சாம்பலாச்சு. கருகின காகிதத் துண்டுகள் ஊர் முழுக்கப் பறந்து, பத்துக் கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற ஹோவ்த் வரைக்கும் போய் விழுந்ததா சொல்வாங்க. நம்ம கணக்குல சொன்னா, எழும்பூரில் எரிஞ்ச உயில் கொரட்டூரில் மொட்டைமாடியில் வந்து விழற மாதிரி.

யார் சுட்டாங்க, யார் வெடி வச்சாங்கன்னு அங்கே இன்னும் சண்டை போடறாங்க. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. ரெண்டு பக்கமும் அதே நாட்டுக்காரங்க. எரிஞ்சது ரெண்டு பேரோட தாத்தா பாட்டி பேரும்தான். நமக்கும் அந்த வலி தெரியும். 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சப்போ கிட்டத்தட்ட 97,000 புத்தகமும் ஓலைச்சுவடியும் போச்சு.

அதே 1922லதான் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸையும் கலைச்சாங்க. சுதந்திர அயர்லாந்தில் பிரிட்டிஷ் படைக்கு இடமில்லை. ஜூன் 12ஆம் தேதி வின்ட்சர் கோட்டையில் கொடிகளை மன்னர்கிட்ட ஒப்படைச்சாங்க. பதினெட்டே நாளில் ஆவண அறை வெடிச்சது. மதராஸில் பொறந்த படையும், அந்தப் படையில் சேர்ந்தவங்களோட வீட்டுக் காகிதமும் ஒரே மாசத்தில் முடிஞ்சுபோச்சு.

இப்போ இதை யோசிங்க. டிப்பரரியில் ஒரு வீட்டில் ரெண்டு அண்ணன் தம்பி இருந்தாங்கன்னு வச்சிக்குவோம். கற்பனைதான். அண்ணன் ஊரிலேயே இருந்து, நாலு மாடு வச்சு, முறையா உயில் எழுதிச் செத்தான். தம்பி பட்டாளத்தில் சேர்ந்து, பூந்தமல்லியில் காலராவில் போனான். அண்ணன் உயில் டப்ளினில் பத்திரமா இருந்தது, 1922 வரைக்கும். தம்பி ஒரு தாளில் பெருக்கல் குறி வச்சது நகலாகி, கப்பலேறி, லண்டனில் இன்னும் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டோட இருந்தவன் தடமில்லாம போயிட்டான். ஊரை விட்டு ஓடினவன் மிச்சமிருக்கான். தாத்தாவைத் தேடற ஐரிஷ்காரங்களில் பலர் இன்னைக்கு மதராஸ் பட்டியலைப் புரட்டறதுக்குக் காரணம் இதுதான்.

உயில் மட்டுமில்லை, கடிதமும் அப்படித்தான். நன்னம்பிக்கை முனை சுத்தி வர்ற கப்பலில் ஒரு கடிதம் போய்ச் சேரவே நாலு மாசம் ஆகும். 'அம்மா எப்படி இருக்காங்க'ன்னு கேட்டு எழுதி, 'போன வருஷமே போயிட்டாங்க'ன்னு பதில் வர்றதுக்குள்ள வருஷம் ஓடிடும். 1842ல் மேனூத் என்கிற ஊரிலிருந்து பிரசன்டேஷன் சபைக் கன்னியாஸ்திரிகள் சிலர் மதராஸ் வந்து ஜார்ஜ் டவுனில் பள்ளிக்கூடம் தொடங்கினாங்க. தலைமை ஏத்து வந்தவர் மதர் சேவியர் கரன். அப்போ இங்கே கத்தோலிக்க ஆயரும் ஐரிஷ்காரர்தான், ஜான் ஃபென்னலி. ஐரிஷ் சிப்பாய் செத்துப்போனா அவன் பொண்ணு எங்கே போகும்கிற கேள்விக்கு அவங்க வந்தது ஒரு பதில். அதே சபைதான் பின்னாடி சர்ச் பார்க் பள்ளியையும் நடத்தினது. ஜெயலலிதா படிச்ச பள்ளி. ஒரு சிப்பாய் மகளுக்காகக் கப்பலேறி வந்தவங்க தொடங்கின வேலை எங்கே வந்து நிக்குது பாருங்க.

சிப்பாயோட பசங்கன்னு சொன்னேன். அவங்க அம்மா யாரு?

இங்கேதான் எனக்கு அந்த இட்லி ஊட்டின அம்மா ஞாபகம் வந்தது. சாதாரணச் சிப்பாய் ஊரிலிருந்து மனைவியைக் கூட்டிட்டு வர அனுமதி ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான். மத்தவங்களில் பல பேர் இங்கே ஒரு பெண்ணோட குடும்பம் நடத்தினாங்க. வரலாற்றாசிரியர் வில்லியம் டால்ரிம்பிள், 'வைட் முகல்ஸ்' புத்தகத்தில் ஒரு கணக்கு சொல்றார்: 1780 முதல் 1785 வரை வங்காளத்தில் எழுதின வெள்ளைக்காரர் உயில்களில் மூணில் ஒண்ணு இந்தியத் துணைவிக்கோ அவங்க குழந்தைகளுக்கோ சொத்து எழுதி வச்சிருக்கு. கல்யாணம் இல்லை, சர்ச் பதிவு இல்லை. சாகும்போது எழுதின அந்தத் தாள் ஒண்ணுதான் அவளுக்கு இருந்த அத்தாட்சி.

ஆனா அந்தத் தாளில் அவள் பேரைத் தேடினா பல இடத்தில் கிடைக்காது. துர்பா கோஷ் என்கிற வரலாற்றாசிரியர் இதையே எடுத்து ஒரு புத்தகம் எழுதியிருக்கார். 'என் குழந்தையின் தாய்', 'என்னோடு வசிக்கும் உள்ளூர்ப் பெண்' அப்படின்னு இருக்கும். இல்லைன்னா ஞானஸ்நானத்தில் வச்ச ஒரு கிறிஸ்தவப் பேர் மட்டும். அப்பா பேர் இல்லை, ஊர் பேர் இல்லை. அவனோட கடிகாரத்துக்கு எந்தக் கம்பெனின்னு எழுதியிருப்பான். அவள் யார் வீட்டுப் பொண்ணுன்னு எழுத மாட்டான்.

அந்தக் குழந்தைகளுக்காக 1789ல் எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதி ஒண்ணு தொடங்கினாங்க. அதை நடத்தின ஆண்ட்ரூ பெல், நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பசங்க மணலில் விரலால் எழுதறதையும், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கறதையும் பார்த்தார். அதையே ஊருக்குப் போய் 'மதராஸ் முறை'ன்னு பரப்பினார். பிரிட்டனில் லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் அப்படிப் படிச்சாங்க. எந்தத் தாய்மாரோட பிள்ளைகளை வச்சு அந்த முறை உருவாச்சோ, அந்தத் தாய்மார் பேர் ஒண்ணுகூட நமக்குத் தெரியாது.

நம்ம ஆட்கள் உயில் எழுதலையான்னு கேட்பீங்க. பொதுவா இந்துக் குடும்பங்களில் அந்த வழக்கமே கிடையாது. அப்பன் சொத்து பிள்ளைக்கு, அவ்வளவுதான். இந்து உயில்களுக்குன்னு சட்டம் வந்ததே 1870ல். ஆனா அதுக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னாடியே ஒருத்தர் எழுதினார். நம்ம ஆவடிக்கு வடக்கே, பெரியபாளையத்தில் 1754ல் பிறந்தவர். பிறக்கும் முன்பே அப்பா செத்துட்டார். மதராஸ் வந்து துபாஷ் வேலையில் பெரும் பணம் சேர்த்தார். உடம்பு முடியாம 1794 மார்ச் 22ஆம் தேதி உயில் எழுதினார். 31ஆம் தேதி போயிட்டார். ஒன்பது நாள் இடைவெளி. பச்சையப்ப முதலியார்.

கோயில்களுக்கும் தர்மத்துக்கும்னு அவர் எழுதி வச்ச பணம் உடனே போய்ச் சேர்ந்துடல. சொந்தக்காரங்க சண்டை, வழக்கு. பணம் வட்டியோட வளர்ந்துக்கிட்டே கோர்ட்டில் கிடந்தது. கடைசியில சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, தர்மத்துக்குப் போக மிஞ்சினதைக் கல்விக்குத் திருப்பினது. 1842ல் பள்ளிக்கூடம் வந்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு தாமதம். ஆனா வந்தது. ஏன்னா தாள் இருந்தது. வாய்வார்த்தையா 'தர்மம் பண்ணுங்கடா'ன்னு சொல்லிட்டுப் போயிருந்தா அந்தக் காசு எந்த மருமகன் வீட்டு மாடியா மாறியிருக்குமோ.

1842ஐக் கவனிச்சீங்களா? ஐரிஷ் சகோதரிகள் வந்ததும் அதே வருஷம். பச்சையப்பன் கல்லூரி இப்போ இருக்கிறது பூந்தமல்லி ஹை ரோட்டில். அந்தச் சிப்பாய்கள் நடந்த அதே சாலை. பூந்தமல்லியிலிருந்து எழும்பூர் போற பஸ்ஸில் உட்கார்ந்தா ஒரு முனையில் டெப்போ, வழியில் ஒரு உயில் கட்டின கல்லூரி, மறுமுனையில் காகிதக் காப்பகம். ரெண்டு பக்கமும் ஜன்னல் வழியா வரலாறு போகும், நாம போனைப் பார்த்துக்கிட்டு இருப்போம்.

கடைசியா ஒரு தடவை டப்ளின் ஃபியூசிலியர்ஸ். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கினப்போ அந்த முதல் பட்டாலியன் எங்கே இருந்தது தெரியுமா? மதராஸில். தன்னோட பூர்வீகத்திலேயே. இங்கிருந்து கிளம்பி, அந்த வருஷக் கடைசியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, 1915 ஏப்ரல் 25ஆம் தேதி துருக்கியின் கலிபோலியில் 'வி பீச்' கடற்கரையில் படகிலிருந்து இறங்கினாங்க. மேட்டிலிருந்து துருக்கியர் சுட்ட குண்டில் பாதிப் பேர் கரையைக்கூடத் தொடலை.

அந்தப் போரில் 1914 முதல் 1917 வரை செத்த ஐரிஷ் சிப்பாய்களின் உயில்கள் ஒன்பதாயிரம் வரைக்கும் டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் தப்பிப் பிழைச்சு இருக்கு. இப்போ இணையத்தில் யாரும் பார்க்கலாம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்க்க ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கலை. பெரும்பாலும் ஒரே மாதிரி ஒரு வரிதான். 'நான் இறந்தால் என்னுடையது எல்லாம் என் அம்மாவுக்கு.' பேர், தெரு, ஊர். சில இடத்தில் அம்மாவுக்குப் பதில் அக்கா. சில இடத்தில் யாரோ ஒரு பெண். என்ன உறவுன்னு இருக்காது, ஆனா பேரும் விலாசமும் முழுசா இருக்கும். சட்டத்துக்கு அது போதும். நம்ம 65, 66ஆம் பிரிவு சொல்ற சலுகை இதுதான்.

எரிஞ்சதையும் அவங்க விட்டுடலை. டிரினிட்டி கல்லூரி முன்னின்று, உலகம் முழுக்க எங்கெல்லாம் நகல் இருக்கோ தேடித் தேடி, நூறாவது வருஷமான 2022 ஜூனில் எரிஞ்ச ஆவண அறையை இணையத்தில் திரும்பக் கட்டி எழுப்பினாங்க. அலமாரி அலமாரியா. எரியறதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1919ல், ஹெர்பர்ட் வுட் என்கிற அதிகாரி எந்த அறையில் என்ன இருக்குன்னு ஒரு கையேடு போட்டிருந்தார். அதை வச்சுத்தான் எது தொலைஞ்சதுன்னே அவங்களுக்குத் தெரிஞ்சது.

என் கதைக்கு வரேன். அந்த ராத்திரிக்கு அப்புறம் இதுவரைக்கும் ஆறு பேருக்கு வார்டில் உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கேன். முதல்ல நோயாளிகிட்ட தனியாப் பேசுவேன், சொந்தக்காரங்களை வெளியே அனுப்பிட்டு. தேதி, இடம், சொத்து என்ன, பிள்ளைங்க எத்தனை, யாருக்குத் தரணும், ஏன். பதில் தெளிவா இருந்தா நேரத்தோட கேஸ் ஷீட்டில் எழுதிடுவேன். மயக்க மருந்து எதுவும் கொடுத்திருக்கோமான்னும் எழுதுவேன். சந்தேகம் இருந்தா கையெழுத்து போடமாட்டேன், அதையும் சொல்லிடுவேன். ஒரு தடவை கோர்ட்டுக்குக் கூப்பிட்டாங்க. போனேன். இருபது நிமிஷத்தில் முடிஞ்சது. அந்தப் பயத்துக்கா அன்னைக்கு அப்படிப் பண்ணினேன்னு தோணுச்சு.

வார்டில் உடனிருப்பவர்னு ஒரு கட்டம் இருக்கும். அதில் மனைவி, மகன்னு உறவு மட்டும் எழுதறது வழக்கம். என் டியூட்டியில் பேரும் ஊரும் எழுதச் சொல்றேன். ஜூனியர் பசங்க 'எதுக்கு சார்'னு முணுமுணுப்பாங்க.

அந்த லேத்துக்காரரோட கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பினது நான்தான். 'தெரிந்தவர்'னு எழுதியிருந்தேன். அந்த அம்மா பேரை நான் கேட்கவே இல்லை.

பூந்தமல்லி, குமணன்சாவடி, கரையான்சாவடிப் பக்கம் பழைய குடும்பங்கள் யாராவது இதைப் படிச்சா: உங்க வீட்டில் கண்டோன்மென்ட் காலத்துப் பத்திரம், ரசீது, கடிதம், யார்னே தெரியாத போட்டோ ஏதாவது இருந்தா முதல்ல போனில் படம் எடுத்து, வேற ஊரில் இருக்கிற சொந்தக்காரங்களுக்கு ஒரு நகல் அனுப்பிடுங்க. போட்டோவுக்குப் பின்னாடி பென்சிலால் பேர் எழுதுங்க. பால்பாயின்ட் வேண்டாம், மை ஊறிடும். அப்புறம் எனக்கும் ஒண்ணு அனுப்புங்க.